பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்த நாற்காலிகள்

அஞ்சலாட்சி வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசற்படியிலேயே கொஞ்சம் தயங்கி நிற்பார்கள். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் போகிற சந்தில், ஓட்டு வீடும் கீற்று வீடுமாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும் வரிசையில் அவளுடையதும் ஒன்று. ஒரு கூடம், ஒரு சமையல் தடுப்பு, பின்னால் கிணற்றடி. அவ்வளவுதான். ஆனால் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தால் சிங்கக்கால் வைத்த மேசை நிற்கும். கொடி கொடியாகச் செதுக்கிய தேக்குக் கட்டில் நிற்கும். ஆள் உயரக் கண்ணாடி ஒன்று சுவரில் சாய்ந்திருக்கும். மேசைமேல் சோற்றுப்பானை, கட்டிலுக்கடியில் வெங்காயக்கூடை, கண்ணாடிச் சட்டத்தில் மகள் கொளஞ்சியின் ரிப்பன்.

எல்லாம் விற்பனைக்கு. இன்றைக்கு இருப்பது அடுத்த மாதம் இருக்காது. கொளஞ்சி பத்தாவது படித்த வருஷம் காலாண்டுப் பரீட்சைக்கு வட்ட மேசையில் உட்கார்ந்து படித்தாள். அரையாண்டுக்கு நீளமேசை. முழுப் பரீட்சை நேரத்தில் ஒன்றும் இல்லை, மடியில் பலகையை வைத்துக்கொண்டாள். வட்ட மேசை போன அன்று அவள் கிணற்றடியில் நின்று அழுதாள். விளிம்பில் கரித்துண்டால் தன் பெயரை எழுதி வைத்திருந்தாளாம். அதையும் அம்மா உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

"அழுவாதடி. அது போனாத்தான் நம்ம அடுப்பு எரியும்," என்றாள் அஞ்சலாட்சி. சொல்லிவிட்டு அவளும் மேசை இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பாசம் வைக்காமல் ஒரு மரத்தை அத்தனை நாள் தடவிக்கொண்டிருக்க யாரால் முடியும்?

இந்தத் தொழில் அவள் தேடிப் போனதில்லை. புருஷன் கலியபெருமாள் ஆலையில் நெசவுப் பகுதியில் இருந்தான். நல்ல வேலைக்காரன். இழை அறுந்து தறி நின்றால் மேஸ்திரி அவனைத்தான் கூப்பிடுவார். ஒருநாள் ஆலைக் கதவில் பூட்டுத் தொங்கியது. பொங்கலுக்குள் திறந்துவிடுவார்கள் என்றார்கள். பொங்கல் போய் அடுத்த பொங்கலும் வந்தது. கலியபெருமாள் மட்டும் சங்கு ஊதுகிற நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போய்விடுவான். அங்கே வேப்பமரத்தடியில் அவனைப் போலவே ஒரு கூட்டம். இன்றைக்குப் பேச்சுவார்த்தை, நாளைக்கு மந்திரி வருகிறார் என்று பேசிவிட்டு வெயில் ஏறியதும் கலைந்து வருவார்கள்.

அஞ்சலாட்சி அப்போது கடற்கரைப் பக்கம் எல்லோரும் மதாம் என்று கூப்பிடுகிற ஒரு பணக்கார அம்மாள் வீட்டில் கூட்டிப் பெருக்கப் போய்க்கொண்டிருந்தாள். மதாம் தமிழச்சிதான். பிள்ளைகளெல்லாம் பிரான்சில். ஒருநாள் மதாமும் வீட்டை விற்றுவிட்டுக் கப்பலேறப் போகிறாள் என்று ஆனது. நல்ல சாமான்களை எல்லாம் ஏலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடைசியில் பின்கட்டில் ஒரு அலமாரி மிஞ்சியது. ஒரு கதவு கழன்று, மேலே பச்சைப் பெயிண்ட் அடித்து, கோழி அடைக்கிற கூண்டு மாதிரி கிடந்தது.

"இத எடுத்துக்கறியா அஞ்சல?" என்றாள் மதாம். "ஒடச்சி வெறவுக்காவது வெச்சிக்க. எனக்கு ஒனக்குக் குடுக்க வேற ஒண்ணும் மிச்சமில்லயே."

விறகுக்கென்றுதான் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கோடரி வாங்கப் பக்கத்து வீட்டு ஞானமேரியிடம் போனாள். ஞானமேரி வந்து பார்த்து, பெயிண்ட் உரிந்த ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். உள்ளே சிவப்பாக ஒரு ரேகை ஓடியது.

"அடி பாவி, தேக்குடி இது! இத போயி அடுப்புல வெக்கப் போறியா?"

அங்கிருந்து பிடித்ததுதான். காரச்சோடா கரைத்து ஊற்றிப் பெயிண்டை உரித்தாள். கை உரிந்தது, பெயிண்டும் உரிந்தது. மதாம் வீட்டுக்கு வருஷா வருஷம் பாலிஷ் போட வருகிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தபோது பார்த்தது கொஞ்சம் ஞாபகம் இருந்தது. வர்ணக்கடையில் அரக்குச் சீவலும் ஸ்பிரிட்டும் வாங்கிவந்து ஊறவைத்து, பஞ்சை வேட்டித் துணியில் சுருட்டித் தடவினாள். முதல் தடவை வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுத்தது. ஈ வந்து உட்கார்ந்து அதிலேயே செத்தது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி போட்டாள். வெயிலில் வைத்துப் போட்டாள், வெடித்தது. மழை நாளில் போட்டாள், சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப்போனது. நாலாவதோ ஐந்தாவதோ முறை, ஒரு தை மாதத்துக் காலையில், மரம் திடீரென்று உள்ளிருந்து வெளிச்சம் போட்ட மாதிரி பளபளத்தது. அஞ்சலாட்சி பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே "கொளஞ்சி, ஓடியாடி, ஓடியா," என்று கத்தினாள்.

அந்த அலமாரியை ஞானமேரி தன் மாதா கோயில் ஆட்கள் மூலமாக விற்றுக்கொடுத்தாள். அந்தக் காசில் இரண்டு உடைந்த நாற்காலி. அதிலிருந்து ஒரு கட்டில். பிரான்சுக்குப் போகிற வீடுகள் ஊரில் நிறைய இருந்தன. தூக்கிப் போடுகிற சாமான்களும் இருந்தன. கூடத்தில் இடம் போதாதபோது ஞானமேரி தன் வீட்டுப் பின்வாசலைத் திறந்துவிட்டாள். "என் கோழிங்க ஒங்க கட்டில்ல ஏறாம நீயே பாத்துக்க," என்றதோடு சரி.

கலியபெருமாள் இதையெல்லாம் வேண்டாம் என்று சொன்னதில்லை. தொட்டதும் இல்லை. நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதற்கு வெளியே ஆள் பிடிக்கிறாளே, நெசவு தெரிந்த கை அவள் வீட்டிலேயே இருக்கிறதே என்று ஞானமேரி ஒருமுறை கேட்டாள்.

"அவுரு மில்லு நெசவுக்காரரு," என்றாள் அஞ்சலாட்சி. "மில்லு தொறக்கட்டும். அவுருக்கு இது வாணாம்."

அவனைத் தாங்கித்தான் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டே கலியபெருமாள் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

கொளஞ்சிக்குப் பத்தொன்பது நடந்த ஐப்பசியில் இரண்டு காரியம் ஒன்றாக வந்தது.

ஒன்று, குருசுக்குப்பத்து சகாயநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், வயதானவர், பிரெஞ்சு மரியாதையில் எல்லோருக்கும் முசே. ஞானமேரிதான் கூட்டிவந்தாள். அவருடைய மகள் பிள்ளைகுட்டிகளோடு பிரான்சிலிருந்து வருகிறாளாம், எத்தனையோ வருஷம் கழித்து. பேரப்பிள்ளைகளை அவர் பார்த்ததே இல்லை.

"பொஞ்சாதி போனப்புறம் ஒத்த ஆளு, எனக்கு எதுக்கு மேச நாற்காலின்னு எல்லாத்தயும் குடுத்துட்டேன்," என்றார். "இப்ப ஒரே மேசயில எல்லாரையும் ஒக்கார வெச்சிச் சோறு போடணும்மா. அத ஒரு தடவ பாத்துட்டா எனக்குப் போதும்."

அஞ்சலாட்சியிடம் நீளமேசை ஒன்றும், அதற்கு ஜோடியாக முதுகில் திராட்சைக்கொடி செதுக்கிய ஆறு நாற்காலிகளும் இருந்தன. பத்திரம் எழுதுகிற நொத்தேர் ஒருவர் வீட்டிலிருந்து வந்தவை. முசே தடவிப் பார்த்துச் சரி என்றார், முழுப் பணத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டார். மழை நாள், பாலிஷ் இறுக வேண்டும், திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அஞ்சலாட்சி.

இன்னொன்று, தரகர் இராமதாஸ் கொண்டுவந்த வரன். அரியாங்குப்பம். பையன் பெயர் ஜானகிராமன், லாரிப் பட்டறையில் பிட்டர். அப்பா இல்லை. அம்மா வீராயி நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள். இப்போது வீட்டு வாசலில் இட்லிக் கடை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவார்கள் என்றார் இராமதாஸ்.

"நாற்காலியெல்லாம் ஞாயித்துக்கிழம இருக்குமில்ல?" என்று கலியபெருமாள் கேட்டான். அவன் சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதே அதுதான் முதல் தடவை.

"இருக்கும். முசே திங்கக்கிழமதான வராரு. ஏன்?"

"சும்மாதான்."

உட்காருவதற்குத்தான் கேட்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே பிசுபிசுவென்று தூறல். ஸ்பிரிட்டு வாசனை போகட்டும் என்று சன்னல்களைத் திறந்து வைத்தாள். சாரல் அடித்தது, மூடினாள். சாம்பிராணி போட்டாள். ஸ்பிரிட்டும் சாம்பிராணியும் கலந்து சாராயக்கடைக்குள் பூசை நடக்கிற மாதிரி ஒரு மணம் எழுந்தது. கொளஞ்சி சிரித்துக்கொண்டே கேசரி கிளறினாள். ஞானமேரி பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்த கையோடு தன் வீட்டு எவர்சில்வர் தம்ளர்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். தரையில் ஜமுக்காளம் விரித்து, மேசையைச் சுவர் ஓரம் தள்ளி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். கலியபெருமாளே ஒவ்வொன்றையும் துண்டால் துடைத்தான்.

வந்தவர்கள் மூன்று பேர். தரகர், பையன், வீராயி. வீராயி கறுத்து ஒல்லியான பொம்பளை. முழங்காலில் கை ஊன்றித்தான் படி ஏறினாள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். மேசை, கட்டில், கண்ணாடி, மறுபடி மேசை. அப்புறம் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா இது, சாராய வாசன அடிக்குது?"

கலியபெருமாளின் முகம் செத்துப்போனது. ஊரில் குடிக்காத ஆலைக்காரன் என்று பேர் எடுத்தவன் அவன்.

"ஐயோ, அது இல்லங்க," என்று சமையல் தடுப்பிலிருந்து ஓடிவந்தாள் அஞ்சலாட்சி. "ஸ்பிரிட்டுங்க. மரத்துக்குப் போடுறது. பாலிஷ்."

"பரம்பர சாமானுங்க," என்று கலியபெருமாள் குறுக்கே விழுந்தான். "வருசத்துக்கு ஒருவாட்டி தொடச்சி வெக்கறது."

அஞ்சலாட்சி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

தரகர் உற்சாகமாகிவிட்டார். "நான்தான் சொன்னேனே வீராயக்கா. மில்லு மூடுனா இன்னா, வூட்டுல கொறயில்ல. கட்டிலு, மேச, நாற்காலி எல்லாம் பொண்ணோடயே அரியாங்குப்பம் வந்துடும்னு கலியபெருமாள் வாயாலயே சொல்லியிருக்காரு."

அஞ்சலாட்சி கேசரித் தட்டோடு நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். தடுப்புக்குப் பின்னால் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. இப்போது எல்லாம் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? வாய் திறந்தால் புருஷனை நாலு பேர் முன்னால் பொய்யனாக்க வேண்டும். திறக்காவிட்டால்? வந்தவர்கள் போகட்டும், அப்புறம் தரகரிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. அவள் தட்டை வீராயி முன்னால் நீட்டினாள்.

அப்போதுதான் சந்தில் கைவண்டிச் சத்தம் கடகடத்து வந்து வாசலில் நின்றது.

குடையை மடக்கிக்கொண்டு சகாயநாதன் தலையை நீட்டினார். "அம்மா அஞ்சலாட்சி! எம்பொண்ணு ரெண்டு நாள் முந்தியே வந்துட்டாம்மா! நேத்து சாயங்காலம். புள்ளைங்கள்லாம் பாயில ஒக்காந்து…"

தட்டில் பூ, வெற்றிலை. கேசரி. புதுச் சட்டை போட்ட பையன். அத்தனையும் அவர் கண்ணில் பட்டது. அப்புறம் அஞ்சலாட்சியின் முகத்தையும் பார்த்தார். பட்டாளத்தில் எத்தனையோ பார்த்த மனுஷன். ஒரு நொடி போதுமாக இருந்தது.

"ஓ, விருந்தாடி வந்திருக்காங்களா! நா… நா சும்மாதான். ஞானமேரி வூட்டுக்குப் போற வழி. எம்பொண்ணு வந்த சேதிய சொல்லிட்டுப் போலாம்னு." நாற்காலிகளைப் பார்த்தார். "அழகான நாற்காலி. நல்லா வெச்சிருக்கீங்க. நா வரேம்மா."

வண்டிக்காரன் ஒன்றும் புரியாமல், "இன்னா முசே, ஏத்த வாணாமா?" என்றான்.

"வாணாம்ப்பா. திருப்பு வண்டிய."

கலியபெருமாள் மூச்சு விட்டான். அது அஞ்சலாட்சிக்குக் கேட்டது.

அவள் வாசலையே பார்த்தாள். முசே காசு போட்டு வாங்கின சாமான். பேரப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஊரார் பெண்ணின் கல்யாணத்துக்காக அந்த மனுஷன் தூறலில் காலி வண்டியோடு திரும்பிப் போகிறார், அதுவும் ஒரு சங்கடம் முகத்தில் காட்டாமல். வேறு யாராவது சத்தம் போட்டிருந்தால் அவளும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். இந்த நல்ல மனசைத் தின்றுவிட்டு அவளால் நிற்க முடியவில்லை.

"முசே, நில்லுங்க."

தட்டைக் கீழே வைத்தாள். வீராயியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அம்மா, கோச்சிக்காதீங்க. இந்த நாற்காலி, மேச எல்லாம் இவரோடது. காசு குடுத்து வாங்கிட்டாரு. கட்டிலு எங்களோடதுதான், ஆனா அதுவும் விக்கிறதுக்குத்தான். பழைய சாமான வாங்கியாந்து தேச்சி, பாலிஷ் போட்டு வூட்டுலயே விக்கிறோம். நானும் எம்பொண்ணும். அதான் எங்களுக்குச் சோறு. பொண்ணோட அனுப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஒரு முக்காலி கூட இல்ல."

தரகர் தன் குடையைத் தேடினார்.

"அப்ப நீங்க சொன்னது?" என்று வீராயி கலியபெருமாளைக் கேட்டாள்.

அவன் எழுந்து நின்றான். "பொய்தாங்க."

"எதுக்கோசரம் சொன்னீங்க?"

"மில்லு இருந்தா நா வாங்கிக் குடுத்திருப்பேன்," என்றான். தோளில் இருந்த துண்டை எடுத்து இன்னொரு தோளில் போட்டுக்கொண்டான்.

ஜானகிராமன்தான் முதலில் அசைந்தான். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் சகாயநாதனிடம், "வண்டிக்காரரு ஒத்த ஆளா இருக்காரு. படி வேற வழுக்குது. நா ஒரு கை குடுக்கிறேன் சார்," என்று சொல்லி, நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கினான்.

"முதுகப் புடிச்சித் தூக்காதீங்க!"

தடுப்புக்குப் பின்னாலிருந்து கொளஞ்சியின் குரல். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் சொல்லியாகிவிட்டது. வெளியே வந்துவிட்டாள். அலங்காரத்தோடு, தலை நிறைய கனகாம்பரத்தோடு, கையில் கேசரிக் கரண்டியோடு.

"மூட்டு கழண்டுடும். அடிச் சட்டத்தப் புடிச்சித் தூக்கணும். ரெண்டு கையாலயும்."

ஜானகிராமன் நாற்காலியை இறக்கி வைத்தான். குனிந்து அடிச் சட்டத்தைப் பிடித்தான். "இப்பிடியா?"

"ம்." கொஞ்சம் நின்று, "மழையில அப்பிடியே எடுத்துட்டுப் போனா பாலிஷ் வெளுத்துடும். மேல மூடணும்," என்றாள்.

"எதால மூடறது?"

இருவரும் கீழே பார்த்தார்கள். ஜமுக்காளம். ஜானகிராமன் ஒரு முனையைப் பிடித்தான், கொளஞ்சி இன்னொரு முனையைப் பிடித்தாள். கலியபெருமாள் ஓடிவந்து மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். அதுவரை அவன் அந்த வீட்டில் ஒரு சாமானை வண்டியேற்றியதில்லை. ஒவ்வொன்றாக நாற்காலிகள் படியிறங்கின. கடைசியில் வீராயி உட்கார்ந்திருந்தது மட்டும் மிஞ்சியது.

"எனக்கு முட்டி மடங்காது," என்றாள் வீராயி, யாரையும் பார்க்காமல். "கீழ ஒக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். இன்னும் காப்பி கூட வரல."

சகாயநாதன் சிரித்துவிட்டார். "நீங்க பொறுமையா குடிச்சி முடிங்கம்மா. நாங்க நிக்கிறோம். பேரப்புள்ளைங்க எங்கயும் ஓடிடாது."

அப்படித்தான் ஆனது. வீராயி ஒரே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். முசே, வண்டிக்காரன், தரகர், பையன் எல்லோரும் வெறுந்தரையில் நின்றுகொண்டு ஞானமேரி வீட்டுத் தம்ளர்களில் குடித்தார்கள். ஞானமேரியும் சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்றாள். கேசரி தீர்ந்துபோனது. வீராயி தம்ளரை வைத்துவிட்டு அஞ்சலாட்சியைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"கையக் காட்டு."

அஞ்சலாட்சி காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் அரக்குக் கறை. எத்தனை எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாத கறுப்பு.

"நடவுல வர்ற சேத்துப்புண்ணு இதவிட மோசமா இருக்கும்," என்றாள் வீராயி. பிறகு எழுந்தாள். அந்த நாற்காலியை ஜானகிராமன் அடிச் சட்டத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான். வீராயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பொறந்ததுலேந்து நா எதச் சொன்னாலும் ஏன், எதுக்குன்னு எதுத்துப் பேசுற பய. இந்தப் பொண்ணு ஒருவாட்டி அதட்டுனா, கேட்டுக்கினான் பாரு." அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "சரி, வரோம். சொல்லி அனுப்புறேன்."

சொல்லி அனுப்புகிறேன் என்றால் இரண்டு அர்த்தமும் உண்டு. அவர்கள் போன பிறகு கூடம் கட்டிலும் கண்ணாடியும் தவிர வெறுமையாகக் கிடந்தது. பேசினால் எதிரொலித்தது. கலியபெருமாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"கெடுத்துட்டேன் இல்ல?" என்றான்.

அஞ்சலாட்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்ட வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தைகள் எங்கேயோ போய்விட்டன. "மேசயத் தூக்கறப்போ நல்லாத்தான் தூக்குனீங்க," என்றாள்.

மறுநாள் சகாயநாதன் வீட்டு வண்டிக்காரன் ஜமுக்காளத்தைத் துவைத்து உலர்த்தி மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அதற்குள் ஒரு நீள ரொட்டியும் பிரான்சு மிட்டாய்ப் பெட்டி ஒன்றும். எந்த நாற்காலி யாருக்கு என்று பிள்ளைகளுக்குள் சண்டையாம், முசே ஓயாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாராம்.

அரியாங்குப்பத்திலிருந்து சேதி வரவில்லை. தீபாவளி வந்தது, போனது. கட்டிலைத் தேய்த்துக்கொண்டிருந்த கொளஞ்சி, சந்தில் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் உப்புத்தாளை நிறுத்தினாள்.

கார்த்திகை பிறந்து ஒருநாள் காலையில், மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கிறபோது, வாசலில் ஒரு கட்டைவண்டி வந்து நின்றது. வீராயி இறங்கினாள். பின்னால் ஜானகிராமன் ஒரு சாய்வு நாற்காலியை இறக்கினான். காலில் ஒன்று ஒடிந்து கயிற்றால் கட்டியிருந்தது. பிரம்பு மொத்தமும் கிழிந்து வாய் பிளந்திருந்தது. மேலெல்லாம் சாணியும் கோழி எச்சமும்.

"முட்டி வலி, மழ, இட்லிக் கடய வுட்டுட்டு வர முடியல. அதான் இம்மா நாளு," என்றாள் வீராயி. கட்டிலில் உட்காரப் போனவள் பாலிஷ் ஈரமோ என்று தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். "இது எங்க வூட்டுக்காரரு நாற்காலி. தென்னந்தோப்புக் காவலு அவரு. மொதலாளி வூட்டுல தூக்கிப் போட்டத கெஞ்சி வாங்கியாந்தாரு. சாயங்காலமானா அதுலதான் சாஞ்சிக்கினு இருப்பாரு. அவரு போனப்புறம் என்னால பாக்க முடியல. மாட்டுக் கொட்டாயில போட்டுட்டேன். இப்ப பாக்கணும்போல இருக்குது."

அஞ்சலாட்சி நாற்காலியின் கையைத் துணியால் துடைத்தாள். அழுக்குக்குக் கீழே மரம் கெட்டியாக இருந்தது.

"செஞ்சித் தரேன்மா. நல்லாவே வரும்."

"இத செஞ்சிக் குடு. எம்மருமவளுக்கு நீ குடுக்கற சீரு இதுதான். வேற ஒண்ணும் எனக்கு வாணாம்." அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி, "நீ அன்னிக்கு உண்மயச் சொல்லாம வுட்டிருந்தா, கட்டிலும் மேசயும் எங்கன்னு ஒருநாளு நானே கேட்டிருப்பேன். கேட்டிருப்பேன்மா. எம்புத்தி எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு என்னால கண்ணு கலங்கியிருக்கும். அந்தப் பாவத்துலேந்து என்னக் காப்பாத்திட்ட," என்றாள்.

அஞ்சலாட்சி தடுப்புக்குப் பின்னால் போனாள். அங்கே கொளஞ்சி ஏற்கெனவே காப்பிக்கு அடுப்பு மூட்டிவிட்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து அம்மா அழுதாள், அம்மா அழுவதைப் பார்த்து மகள் சிரித்தாள்.

திரும்பி வந்தபோது கலியபெருமாள் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கிழிந்த பிரம்பை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த இழை மேலே, எந்த இழை கீழே, குறுக்கே எது போகிறது என்று உதடு முணுமுணுத்தது.

"பிரம்பு எங்க வாங்குற?" என்றான் மனைவியிடம்.

"பெரிய கடயில. ஏங்க?"

"இத நானே பின்னறேன்."

முதல் தடவை பின்னியது தொய்ந்துபோயிற்று. பிரித்தான். பிரம்பை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொளஞ்சி சொன்னாள், கேட்டுக்கொண்டான். இரண்டாவது தடவை இழுத்துக் கட்டினதில் ஒரு இழை அறுந்து கையைக் கிழித்தது. மூன்றாவது தடவை பாவும் ஊடையுமாக, குறுக்குச் சாய்வுமாக, எண்கோணக் கண்கள் ஒரே அளவில் வரிசை வரிசையாக விழுந்தன. அந்த வாரம் அவன் ஆலை வாசலுக்குப் போகவில்லை. வேப்பமரத்தடி ஆட்கள் இரண்டு பேர் உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்க வந்தார்கள். வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

தச்சுக்காரரிடம் புதுக் கால் கடைந்து பொருத்தினார்கள். கொளஞ்சி தேய்த்தாள். அஞ்சலாட்சி பாலிஷ் போட்டாள். வெயில் தேடித் தேடி, ஞானமேரி வீட்டுப் பின்வாசலில் வைத்து, அந்த மாதத்தில் கிடைத்த நல்ல காலைகளை எல்லாம் அந்த நாற்காலிக்கே கொடுத்தாள்.

பரிசம் போடுவதற்கு முந்தின வாரம் கணவனும் மனைவியுமாக அதை அரியாங்குப்பம் கொண்டுபோனார்கள். ஆற்றுப் பாலத்தில் காற்று அடித்தது. வண்டியில் நாற்காலியைச் சுற்றியிருந்த துணி பறக்காமல் கலியபெருமாள் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

வாசலில் இறக்கித் துணியை எடுத்ததும் வீராயி கிட்ட வரவில்லை. இட்லித்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எட்டவே நின்றாள். கண் நாற்காலியின் மேலேயே இருந்தது. வெகுநேரம் கழித்து வந்து அதன் கையைத் தொட்டாள், தலை வைக்கிற இடத்தைத் தொட்டாள்.

"ஒக்காருங்கம்மா," என்றாள் அஞ்சலாட்சி.

வீராயி தலையை ஆட்டினாள். "அவரு எடம் அது. மொதல்ல ஒரு ஆம்பள ஒக்காரட்டும்." கலியபெருமாளைப் பார்த்தாள். "சம்மந்தி, நீங்க ஒக்காருங்க. பின்னுனவரு நீங்கதான?"

அவன் கூச்சப்பட்டான். அஞ்சலாட்சியைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே சொன்னாள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான், கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தான். பிரம்பு அவன் பாரத்துக்கு லேசாக முனகி, அப்புறம் தாங்கிக்கொண்டது. தெருவில் போகிற ஒருவர் நின்று, "வீராயக்கா, யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

"எங்க சம்மந்தி," என்றாள் வீராயி தெருவுக்கே கேட்கிற மாதிரி. "முத்தியால்பேட்டை. நாற்காலி பின்றவரு."

கலியபெருமாள் எழுந்திருக்கவில்லை. மறுத்து ஒன்றும் சொல்லவும் இல்லை. அஞ்சலாட்சி வீராயியின் கையிலிருந்த இட்லித்தட்டை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள்.